எட்டணாவும் ஒரு குடையும்: தூத்துக்குடி–கொழும்புக் கப்பல் கட்டணப் போட்டி

தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே 1906ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கி 1908 வரை கடுமையாக நடந்த கப்பல் கட்டணப் போட்டி, பெரும்பாலும் வ. உ. சிதம்பரம் பிள்ளையின் வாழ்க்கை வரலாற்றின் ஓர் அத்தியாயமாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. அந்தக் கப்பல்களில் டிக்கெட் வாங்கி ஏறியவர்களின் பக்கமிருந்தும் அதைப் பார்க்க வேண்டும். குடும்பத்தோடு கடல் கடக்கும் ஒருவருக்கு ஒரு கம்பெனி எட்டணாவுக்கு இடம் தருகிறது, இன்னொரு கம்பெனி இலவசமாக ஏற்றிச் சென்று கையில் குடையும் கொடுக்கிறது. எதில் ஏறுவது என்ற கேள்வி அன்று உண்மையாகவே எழுந்தது. கோவில்பட்டி, இடைசெவல், ஒட்டப்பிடாரம், எட்டயபுரம் என்று விரியும் கரிசல் வட்டாரத்தினர் அந்தக் கேள்விக்கு மிக அருகில் இருந்தார்கள்.

கரிசலிலிருந்து கடலுக்கு

இடைசெவல் கோவில்பட்டிக்குத் தெற்கே திருநெல்வேலி நெடுஞ்சாலையில் உள்ள சிற்றூர். கி. ராஜநாராயணன், கு. அழகிரிசாமி ஆகிய இரு எழுத்தாளர்களால் பெயர் பெற்றது. வானம் பார்த்த பூமி. பருத்தி, கம்பு, சோளம் ஆகியவை இங்கே மழையை நம்பி விளைபவை. ஐப்பசி மழைக்கு விதைத்து, மாசி பங்குனியில் வெள்ளாமையை வீடு சேர்த்துவிட்டால் அடுத்த மழை வரை நிலத்தில் வேலை குறைவு. மழை பொய்த்த ஆண்டுகளில் வேலையே இல்லை. 1876 முதல் 1878 வரை நீடித்த பஞ்சம் தென் மாவட்டங்களிலிருந்து பெருந்திரளான மக்களை இலங்கைத் தோட்டங்களுக்குத் தள்ளியது. அந்த முதல் ஆண்டுக்கு மக்கள் வைத்த பெயர் தாது வருஷப் பஞ்சம்.

அதே 1876இல்தான் மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு ரயில் பாதை திறக்கப்பட்டது. கோவில்பட்டியில் ஏறினால் மணியாச்சி வழியாகத் தூத்துக்குடித் துறைமுகம் வரை போய் இறங்கலாம். பருத்திப் பொதிகளுக்காகப் பெரிதும் பயன்பட்ட இந்தப் பாதை ஆட்களையும் கடற்கரைக்குக் கொண்டு சேர்த்தது. சென்னையிலிருந்து வந்த ரயில், கொழும்புக் கப்பலோடு இணைப்பு இருந்ததால் ‘போட் மெயில்’ என்ற பெயரைப் பெற்றது. பிற்காலத்தில் தனுஷ்கோடி வழியாகப் போன ரயிலுக்கும் அந்தப் பெயரே தொடர்ந்ததால், முதல் போட் மெயில் கோவில்பட்டி வழியாக ஓடியது இன்று பலருக்கு மறந்துவிட்டது.

கப்பல் ஏறியவர்களில் இரு வகையினர் இருந்தார்கள். தேயிலை, ரப்பர்த் தோட்டங்களுக்குக் கங்காணி அழைத்துப் போன தொழிலாளர் குடும்பங்கள் ஒரு வகை. கொழும்பிலும் கண்டியிலும் கடை வைத்திருந்தவர்கள், கடைகளில் வேலை பார்த்தவர்கள், அவர்களைப் பார்க்கப் போன உறவினர்கள் மற்றொரு வகை. முதல் வகையினர் டிக்கெட்டுக்குத் தாங்களே நேரடியாகப் பணம் கட்டியதில்லை. இரண்டாம் வகையினர் கையிலிருந்து காசை எண்ணிக் கொடுத்தவர்கள். கட்டணப் போட்டியைப் புரிந்துகொள்ள இந்த வேறுபாடு முக்கியம்.

டிக்கெட்டுக்கு வெளியே இருந்த செலவு

அந்நாளைய கப்பலில் முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு அறைகள் மிகச் சில. மற்றவர்கள் எல்லாரும் டெக் பயணிகள். கப்பலின் திறந்த தளத்தில் பாயை விரித்த இடமே அவர்களுக்கு அறை. மாலையில் புறப்பட்டால் மறுநாள் காலையில் கொழும்பு. ஓர் இரவுப் பயணம் என்பதால் சோற்றுச் செலவைத் தவிர்ப்பது எளிது. புளிச்சோறு, கருப்பட்டி, பொரி உருண்டை என்று கெடாத பண்டங்களைக் கட்டிக்கொண்டு போவது தென் மாவட்டப் பயணிகளின் பொது வழக்கம்.

தவிர்க்க முடியாத செலவுகளும் இருந்தன. அன்றைய தூத்துக்குடிக் கடல் கரையோரத்தில் ஆழமற்றது. பெரிய கப்பல்கள் கரையிலிருந்து பல மைல் தள்ளி நங்கூரம் போட்டு நின்றன. பயணிகளும் சரக்கும் படகுகளிலும் சிறு நீராவி லாஞ்சுகளிலும் போய்த்தான் கப்பலேற வேண்டும். காற்று வீசும் மாதங்களில் அந்தச் சிறு தூரமே பெரும்பாடு. கப்பல் வரும்வரை ஊரில் தங்கும் செலவு, மூட்டை தூக்கும் கூலி, மருத்துவப் பரிசோதனைக்காகக் காத்திருக்கும் நேரம் எல்லாம் தனி. பிளேக், காலரா அச்சம் காரணமாகத் தோட்டத் தொழிலாளர்களைத் தூத்துக்குடிக்கு அருகே தட்டப்பாறையில் இருந்த முகாமில் தங்கவைத்துப் பரிசோதித்த பிறகே கப்பலில் ஏற்றினார்கள். தட்டப்பாறை மணியாச்சிக்கும் தூத்துக்குடிக்கும் இடைப்பட்ட ரயில் நிலையம்.

டிக்கெட் விலை குறைந்தால் மட்டும் குடும்பத்தின் பயணச் செலவு முழுவதும் குறைந்துவிடாது. ஆனால் மற்றச் செலவுகள் யார் கப்பலில் ஏறினாலும் ஒன்றுதான். இரண்டு கம்பெனிகளுக்கும் இடையே பயணி ஒப்பிட்டுப் பார்க்க மிஞ்சியது டிக்கெட் விலை ஒன்றே.

இரண்டு கம்பெனிகள்

இந்தப் பாதையில் பயணிக் கப்பல் விட்டுவந்தது பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி. இந்தியப் பெருங்கடலெங்கும் நூற்றுக்கு மேற்பட்ட கப்பல்களை ஓட்டிய பெரும் நிறுவனம் அது. தூத்துக்குடியில் அதன் ஏஜெண்டுகளாக இருந்தவர்கள் ஏ. அண்டு எஃப். ஹார்வி நிறுவனத்தார். கோரல் மில்லை நடத்தியதும் அவர்களே. கரிசல்காட்டுப் பருத்தி போய்ச் சேர்ந்த ஆலைக்கும், கரிசல்காட்டு மனிதர்கள் ஏறிய கப்பலுக்கும் ஊரில் ஒரே அலுவலகம். உள்ளூர் வியாபாரிகளின் மனக்கசப்புக்கு இது ஒரு முக்கிய காரணம் என்றே கொள்ளலாம்.

ஒட்டப்பிடாரத்தில் 1872 செப்டம்பர் 5 அன்று பிறந்த வ.உ.சி. தூத்துக்குடியில் வழக்கறிஞராக இருந்தபோது, அவ்வூர் வணிகர்களைச் சேர்த்துக்கொண்டு 1906 அக்டோபரில் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியைப் பதிவு செய்தார். மூலதனம் 10 லட்சம் ரூபாய். ஒரு பங்கு 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர் தலைவர். ஹாஜி முகமது பக்கீர் சேட் செயலர். அவர் ஒருவரே 2 லட்சம் ரூபாய்க்குப் பங்கு வாங்கினார். வ.உ.சி. துணைச் செயலர். ஆசியர்கள் மட்டுமே பங்கு வாங்கலாம் என்பது விதி.

முதலில் சொந்தக் கப்பல் கிடையாது. பம்பாயின் ஷா லைன் கம்பெனியிடம் வாடகைக்குக் கப்பல் எடுத்தார்கள். பிரிட்டிஷ் கம்பெனியின் நெருக்குதலால் ஷா லைன் பின்வாங்கியது. பிறகு கொழும்பிலிருந்து ஒரு கப்பலை வாடகைக்கு எடுத்து ஓட்டினார்கள். வாடகைக் கப்பலை நம்பி ஒரு பாதையை நடத்த முடியாது என்பதை அந்த அனுபவம் காட்டியது. வ.உ.சி. வடக்கே போய்ப் பங்குகள் சேர்த்தார். 1907இல் காலியா, லாவோ என்ற இரு கப்பல்கள் தூத்துக்குடிக்கு வந்து சேர்ந்தன. காலியாவில் முதல் வகுப்பில் 42 பேர், இரண்டாம் வகுப்பில் 24 பேர், சாதாரண வகுப்பில் 1,300 பேர் போகலாம். 4,000 மூட்டைச் சரக்கும் ஏற்றலாம். பாரதியாரின் ‘இந்தியா’ பத்திரிகை இந்தக் கப்பல்களின் வரவை நாட்டின் வெற்றியாகவே கொண்டாடியது.

ஒரு ரூபாய், எட்டணா, இலவசம்

பிரிட்டிஷ் கம்பெனி டிக்கெட்டை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி எட்டணா என்றது. எதிர்க் கம்பெனி இலவசமாகவே ஏற்றிச் செல்வதாக அறிவித்து, பயணிக்கு ஒரு குடையும் தர முன்வந்தது. எல்லா வ.உ.சி. வரலாறுகளிலும் இந்தக் குடை வருகிறது. கரிசல்காட்டில் குடை மழைக்காக வாங்கும் பொருளன்று, வெயிலுக்கானது. அன்று சீமையிலிருந்து வந்த குடை பலர் வீட்டில் இல்லாத பண்டம். இலவசப் பயணத்தைவிட அந்தக் குடைக்கே சிலர் மயங்கியிருந்தாலும் வியப்பில்லை.

நான்கு முழு டிக்கெட் வாங்கும் ஒரு குடும்பம் போய்வரும் செலவைப் பார்ப்போம். ஒரு ரூபாய்க் கட்டணத்தில் 8 ரூபாய். எட்டணாவில் 4 ரூபாய். இலவசக் கப்பலில் ஒன்றுமில்லை, நான்கு குடைகள் மிச்சம். ஆக, சுதேசிக் கப்பலில் ஏறிய குடும்பம் 4 ரூபாயும் நான்கு குடைகளும் விட்டுக்கொடுத்தது. 25 ரூபாய்ப் பங்கு வாங்க வசதியில்லாத குடும்பத்துக்கு இது சிறிய தொகையன்று.

கம்பெனியின் கணக்கு இன்னும் கடினம். காலியாவின் 1,300 சாதாரண இடங்களும் நிரம்பினால், ஒரு ரூபாய்க் கட்டணத்தில் ஒரு நடைக்கு 1,300 ரூபாய் வரும். எட்டணாவில் 650 ரூபாய். ஒவ்வொரு நடைக்கும் குறையும் 650 ரூபாய் என்பது 26 பங்குகளின் விலை. இடங்கள் முழுவதும் நிரம்பினால்தான் இந்த 650 ரூபாயும் கிடைக்கும். அந்த வரவிலிருந்து நிலக்கரி, மாலுமிகள் சம்பளம், துறைமுகக் கட்டணம், பழுதுபார்ப்பு எல்லாம் போக வேண்டும். பிரிட்டிஷ் கம்பெனிக்கு இந்தப் பாதையில் வந்த நட்டத்தை ரங்கூன் பாதையிலோ ஆப்பிரிக்கப் பாதையிலோ ஈடுசெய்யலாம். சுதேசிக் கம்பெனிக்கு இருந்ததே இந்த ஒரு பாதைதான். வருவாயை இழந்தபடி யார் அதிக நாள் தாக்குப்பிடிப்பார் என்பதற்கு விடை தொடக்கத்திலேயே தெரிந்திருந்தது. தெரிந்தும் கப்பல் நிரம்பியது. வணிகர்கள் சரக்கைச் சுதேசிக் கப்பலுக்கே கொடுத்தார்கள், பயணிகளும் காசு கொடுத்து ஏறினார்கள். சுதேசி உணர்ச்சி மேடைப்பேச்சோடு நிற்கவில்லை என்பதற்கு இதைவிட நேரான சான்று தேட வேண்டியதில்லை.

பாரிசாலில் நடந்தது

இந்தப் போட்டிக்கு முன்மாதிரி வங்காளத்தில் உண்டு. 1884இல் ரவீந்திரநாத் தாகூரின் அண்ணன் ஜோதிரிந்திரநாத் தாகூர், குல்னா–பாரிசால் ஆற்றுப்பாதையில் நீராவிப் படகுகளை விட்டார். எதிரே ஓர் ஆங்கிலேயக் கம்பெனி. அங்கும் கட்டணம் குறைந்துகொண்டே போய், கடைசியில் பயணிகளுக்கு இலவசப் பயணத்தோடு தின்பண்டமும் கிடைத்தது. பாரிசால் இளைஞர்கள் படகுத்துறையில் நின்று மக்களைச் சுதேசிப் படகுக்கு அழைத்தார்கள். கூட்டம் பெருகியது, பணம் கரைந்தது. ரவீந்திரநாத் தம் நினைவுக் குறிப்புகளில் இதைச் சிரிப்பும் வருத்தமுமாக எழுதியிருக்கிறார். பாரிசாலில் தின்பண்டம், தூத்துக்குடியில் குடை. வேறுபாடு ஒன்றுண்டு: அங்கே பண்டத்தைக் கொடுத்தது சுதேசிப் படகு, இங்கே குடையைக் கொடுத்தது வெள்ளையர் கம்பெனி.

ஜாம்ஷெட்ஜி டாட்டா 1893இல் ஜப்பானியக் கப்பல் கம்பெனியோடு சேர்ந்து பம்பாயிலிருந்து ஜப்பானுக்குச் சரக்குக் கப்பல் விட்டபோது, பி. அண்டு ஓ. கம்பெனி வாடகையைப் பல மடங்கு குறைத்து அவரை விலகவைத்தது. இதே வகைச் சண்டைகள் வெள்ளையர் கம்பெனிகளுக்குள்ளும் நடந்தன. 1904இல் அட்லாண்டிக் கடலில் கூனார்டு கம்பெனிக்கும் அதன் எதிரிகளுக்கும் இடையே மூண்ட போட்டியில், பிரிட்டனிலிருந்து அமெரிக்கா செல்லும் கீழ்த்தட்டு டிக்கெட் 2 பவுனுக்கு இறங்கியது. அங்கே கம்பெனிகள் கடைசியில் சமரசம் செய்துகொண்டு கட்டணத்தை ஏற்றின. பெரியவர்களுக்குள் நடக்கும் போட்டி உடன்பாட்டில் முடியும். பெரியவரும் சிறியவரும் மோதினால் சிறியவர் கடை மூடும்.

சேமிப்பு யாருக்கு?

கையில் காசு கொடுத்துப் போன கடைக்காரர் குடும்பங்களுக்குப் போட்டி நடந்த காலம் நல்ல காலம்தான். தோட்டத் தொழிலாளர் நிலைமை வேறு. இலங்கை அரசு 1901இல் தகர டிக்கெட் முறையைக் கொண்டுவந்தது. தொழிலாளியின் கழுத்தில் கட்டிய தகரத் தகட்டில் தோட்டத்தின் அடையாளம் இருக்கும். அதைக் காட்டினால் ரயில், கப்பல், சோறு எல்லாம் கிடைக்கும். செலவு தோட்டத்தின் பெயரில் எழுதப்பட்டு, பின்னர் கங்காணி வழியாகத் தொழிலாளியின் கடனில் ஏறும். ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போக வேண்டுமானால் அந்தக் கடன் தொகையை எழுதிய ‘துண்டு’ வேண்டும். புதிய தோட்டம் கடனை அடைத்தால்தான் மாற முடியும். 1921இல்தான் துண்டு முறை சட்டப்படி ஒழிந்தது.

தொழிலாளிக்குக் கப்பல் டிக்கெட்டின் விலையே தெரிய வாய்ப்பில்லை. கட்டணம் பாதியானபோது அவருடைய கடனும் அந்த அளவு குறைந்ததா என்று கேட்டால், கணக்கு எழுதியவர் கங்காணி என்பதே பதில். எந்தக் கப்பலில் ஏறுவது என்ற தேர்வும் அவருக்கு இல்லை. சுதேசிக் கப்பல் வரலாற்றை எழுதுபவர்கள் இந்தப் பெருங்கூட்டத்தை ஓரிரு வரிகளில் கடந்துவிடுவது ஒரு குறை. தூத்துக்குடியில் கப்பலேறியவர்களில் மிகப் பெரும்பகுதியினர் இவர்களே.

போட்டியின் முடிவு

சுதேசிக் கம்பெனியைக் கட்டணம் மட்டும் வீழ்த்தவில்லை. துறைமுக, சுங்க, மருத்துவ அதிகாரிகளின் பாரபட்சம் பற்றிக் கம்பெனி தொடர்ந்து புகார் செய்தது. 1908இன் தொடக்கத்தில் கோரல் மில் வேலைநிறுத்தத்துக்கு வ.உ.சி. துணை நின்றார். ஆலையும் எதிர்க் கம்பெனியின் ஏஜென்சியும் ஒரே கையில் இருந்த ஊரில் அதன் பொருள் எல்லாருக்கும் புரிந்தது. 1908 மார்ச் 12 அன்று அவர் கைதானார். மறுநாள் திருநெல்வேலியில் எழுச்சி, துப்பாக்கிச் சூடு, நால்வர் சாவு. அந்த நாள்களை விரிவாக ஆராய்ந்த ஆ. இரா. வேங்கடாசலபதியின் ‘திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908’ என்ற நூல் 2024ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது பெற்றது. 1908 ஜூலை 7 அன்று நீதிபதி பின்ஹே இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். மேல்முறையீட்டில் அது குறைந்தது.

தலைமை இல்லாத கம்பெனி தடுமாறி 1911இல் கலைக்கப்பட்டது. காலியா கப்பலை எதிர்க் கம்பெனிக்கே விற்றார்கள். சிறையிலிருந்து 1912 டிசம்பரில் விடுதலையான வ.உ.சி.யை வரவேற்க அவருடைய கப்பல்கள் எவையும் தூத்துக்குடியில் இல்லை. பின்னாளில், வழக்கறிஞர் உரிமம் திரும்பக் கிடைத்ததும், அவர் தொழில் செய்ய வந்து தங்கிய ஊர் கோவில்பட்டி. 1932இல் தூத்துக்குடிக்குக் குடிபெயரும் வரை கரிசல்காட்டு வழக்குகளே அவருக்குச் சோறு போட்டன.

அதன் பிறகு

எட்டணா டிக்கெட்டும் குடையும் கம்பெனியோடு போயின. போட்டி இல்லாத பாதையில் சலுகைக்கு யாருக்கும் அவசியம் இல்லை. 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டதும் பாதையே மாறியது. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்கு இரண்டு மணி நேரத்தை ஒட்டிய கடற்பயணம் போதும். ஓர் இரவு முழுவதும் அலையில் தவிக்க வேண்டியதில்லை. சென்னையில் வாங்கிய ஒரே டிக்கெட்டில் கொழும்பு வரை போகலாம். தோட்டத் தொழிலாளர் முகாமும் தட்டப்பாறையிலிருந்து மண்டபம் பக்கம் போயிற்று. கோவில்பட்டிக்காரர்கள் தெற்கே போவதை விட்டு மதுரைக்கு ரயிலேறத் தொடங்கினார்கள். மலேயா செல்பவர்கள் சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ கப்பலேறினார்கள். ‘ரஜூலா’ கப்பலின் டெக் டிக்கெட் அவர்களுள் பலருக்கு நினைவில் நின்ற பயணம். இடைசெவலின் கு. அழகிரிசாமி 1950களில் ‘தமிழ் நேசன்’ பத்திரிகையில் பணிபுரிய மலேயா போனபோதும் அந்தக் கப்பல் பாதை உயிரோடு இருந்தது.

கட்டணப் போட்டியின் பாடத்தைச் சட்டமாக்கும் முயற்சி ஒன்று பின்னர் நடந்தது. 1919இல் தொடங்கிய சிந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியும் அதே பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் கட்டணக் குறைப்பைச் சந்தித்தது. 1923இல் உடன்பாடு செய்துகொண்டு பிழைத்தது. 1928இல் எஸ். என். ஹாஜி மத்திய சட்டசபையில் கடலோரக் கப்பல் போக்குவரத்தை இந்தியர்களுக்கே ஒதுக்கும் மசோதாவைக் கொண்டுவந்தார். அது நிறைவேறவில்லை.

தனுஷ்கோடியை 1964 டிசம்பர் புயல் அழித்தது. பிறகு ராமேஸ்வரத்திலிருந்து ‘ராமானுஜம்’ கப்பல் தலைமன்னாருக்கு ஓடியது. சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி தாயகம் திரும்பிய மலையகக் குடும்பங்கள் பலவும் அதில் வந்து இறங்கின. 1980களில் இனப்போர் மூண்டதும் அதுவும் நின்றது.

தூத்துக்குடியிலிருந்து மீண்டும் பயணிக் கப்பல் புறப்பட்டது 2011 ஜூன் 13 அன்று. ‘ஸ்கோஷியா பிரின்ஸ்’ என்ற அந்தக் கப்பலில் ஆயிரம் பேருக்கு மேல் போகலாம். எதிர்பார்த்த கூட்டம் வராமல் அதே ஆண்டு நவம்பரில் நின்றுவிட்டது. எதிர்ப்பாதையில் போட்டிக் கப்பல் ஏதும் இல்லை. மலிவான விமானங்களே போட்டியாக இருந்தன. 2022 ஜூனில் சென்னையிலிருந்து தொடங்கிய கார்டேலியா சொகுசுக் கப்பல் வேறு வகை. அதில் கப்பலே ஊர், போய்ச் சேரும் இடம் இரண்டாம்பட்சம். இத்தகைய கப்பல்களின் விளம்பரத்தில் காணும் அறைக் கட்டணத்தோடு துறைமுகக் கட்டணம், வரி, கப்பலுக்குள் வாங்கும் பண்டங்களின் விலை ஆகியவை தனியே சேரும். குடும்பத்தோடு போக நினைப்பவர்கள், கடல் தெரியாத உள் அறையை எடுப்பது, பள்ளி விடுமுறை நெருக்கடி இல்லாத நாள்களைத் தேர்வது, மொத்தத் தொகையைக் கேட்டுக்கொண்டு முன்பணம் கட்டுவது ஆகியவற்றால் செலவைக் குறைக்கிறார்கள். மூட்டைக் கூலியும் படகுக் கூலியும் தூத்துக்குடிப் பயணியின் டிக்கெட்டுக்கு வெளியே நின்றதைப் போன்றதுதான் இதுவும்.

2023 அக்டோபர் 14 அன்று நாகப்பட்டினத்திலிருந்து யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறைக்கு ‘செரியபாணி’ கப்பல் புறப்பட்டது. வரியோடு 7,670 ரூபாய் என்று அறிவிக்கப்பட்ட டிக்கெட், தொடக்க நாளுக்கு மட்டும் சுமார் 2,800 ரூபாய்க்குக் கிடைத்தது. வடகிழக்குப் பருவமழை காரணமாக ஒரு வாரத்துக்குள் கப்பல் நின்றது. 2024 ஆகஸ்ட் 16 அன்று அதே பாதையில் ‘சிவகங்கை’ என்ற வேறொரு கப்பல் சுமார் 5,000 ரூபாய்க் கட்டணத்தில் ஓடத் தொடங்கியது.